தொழுகை நேரமும் வேலை நேரமும்: யாழ்ப்பாணத்துக் கடைகளுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாண நகரத்து இரும்புக் கடைகளிலும் புடைவைக் கடைகளிலும் தையல் நிலையங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் முஸ்லிம் இளைஞர்களில் பலருக்கு இந்த ஊரில் வீடு இல்லை. புத்தளம், கற்பிட்டி, மன்னார், காத்தான்குடி என்று பல இடங்களிலிருந்து வந்து, கடையின் மேல்மாடியிலோ பின்னறையிலோ தங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை பஸ் ஏறி ஊருக்குப் போய் வருகிறவர்கள் அவர்கள். அவர்களில் சிலருக்கு இது தகப்பன் பிறந்த ஊர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் குடும்பங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள், பாட்டன் கடை வைத்திருந்த வீதியிலேயே இன்று வெளியூர்க்காரராகச் சம்பளத்துக்கு நிற்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கும் தமிழ் இளைஞர்கள் பலர் 1990இல் பிறந்திருக்கவும் இல்லை. ஒருவரை ஒருவர் அறியாத இவர்களுக்கிடையில், தண்ணீர்க் குழாயடியில் எழும் ஒரு சொல்லும் வேகமாகப் பெரிதாகிவிடுகிறது. அப்படிப் பெரிதாகாமல், தொழுகைக்கும் நோன்புக்கும் வேலைக்கும் உரிய நேரத்தை முன்கூட்டியே எப்படி ஒழுங்கு செய்வது என்பதை முதலாளிமாருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஊழியருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் கணக்கெழுதுகிறவன்; வேலை அட்டவணை போடுவதும் என் பொறுப்பே. நானும் தொழுகிறவன். ஒரு கார்த்திகை மாதத்துப் பின்னேரம், கொழும்பிலிருந்து வந்த சீமெந்து லொறி பாதி இறக்கப்பட்டிருந்த வேளையில், பின்னேரத் தொழுகையான அஸருக்குப் பாங்கு கேட்டது. இறக்கிக்கொண்டிருந்த மூவரில் இருவர் முஸ்லிம்கள். இருவரும் ஒன்றாகவே தொழப் போனார்கள். அவர்கள் போய்ச் சில நிமிடங்களில் மழை தொடங்கியது. நனைந்த சீமெந்து கல்லாகிவிடும் என்பதால், தனியே நின்ற தமிழ் இளைஞர் 50 கிலோ மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றி உள்ளே அடுக்கினார். மற்றவர்கள் திரும்பி வந்தபோது 18 மூட்டைகள் உள்ளே வந்திருந்தன. அவருடைய சேர்ட்டின் கழுத்தோரம் சீமெந்துத் தூளும் மழைத் தண்ணீரும் சேர்ந்து களியாகியிருந்தன. அதற்குக் கீழே தோள் சிவந்து எரிந்துகொண்டிருந்தது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, "தொழப் போறது எனக்குப் பிரச்சினை இல்லை நானா, மழை எனக்கு மட்டுமோ பெய்தது?" என்று கேட்டார். லொறி வரும் நேரம் எனக்குத் தெரியும். அஸர் நேரமும் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்காமல் விட்டவன் நான்தான்.

அன்றிலிருந்து நான் அட்டவணை போடும்போது முதலில் பார்ப்பது ஒன்றையே. ஒருவர் தொழப் போகும் நிமிடங்களின் பாரம் பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் தோளில் விழுகிறதா என்பதே அது. முதலாளிக்கும் தொழுகிறவருக்கும் இடையில் பேசி முடிப்பதால் மட்டும் பிரச்சினை தீராது. பெரும்பாலான இடங்களில் வெடிப்பது மூன்றாமவரிடமிருந்துதான்.

கடல் கடந்த ஓர் உதாரணம் இதைத் தெளிவாகக் காட்டும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிராண்ட் ஐலண்ட் என்ற ஊரில் பெரிய மாட்டிறைச்சி ஆலை ஒன்று இருக்கிறது. 2006 டிசம்பரில் குடிவரவு அதிகாரிகள் அந்த நிறுவனத்தின் ஆறு ஆலைகளில் ஒரே நாளில் தேடுதல் நடத்தி, உரிய ஆவணம் இல்லாத ஏறத்தாழ 1,300 தொழிலாளரைப் பிடித்துச் சென்றார்கள். பின்னர் அந்த இடங்களை நிரப்ப வந்தவர்களில், அகதிகளாகச் சட்டப்படி குடியேறியிருந்த சோமாலிய முஸ்லிம்கள் பலர் இருந்தார்கள். 2008 செப்டெம்பரில் நோன்பு மாதம் வந்தது. நோன்பு திறந்து, சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகையைத் தொழுவதற்கு இடைவேளை கேட்டுச் சோமாலியர்கள் நூற்றுக்கணக்கில் வேலையை விட்டு வெளியேறினார்கள். நிர்வாகம் இரவுச் சாப்பாட்டு இடைவேளையை முன்னே நகர்த்த இணங்கியதும், மற்றத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் எழுந்தார்கள். அவர்களில் லத்தீன் அமெரிக்க வழியினரும் இருந்தார்கள். சூடானிலிருந்து வந்த கிறிஸ்தவ அகதிகளும் இருந்தார்கள். தங்கள் வேலை நேரமும் அதோடு சம்பளமும் குறையும் என்பதும், ஒரு பகுதியினருக்கு மட்டும் சலுகை என்பதும் அவர்களுடைய முறைப்பாடு. நிர்வாகம் பின்வாங்கியது, சோமாலியர்கள் மறுபடியும் வெளியேறினார்கள், பலர் வேலை இழந்தார்கள். முதல் ஒப்பந்தத்தைச் செய்தபோது அந்த மற்றத் தொழிலாளரையும் கூப்பிட்டு இருத்திப் பேசியிருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

நேரங்களை ஒரே தாளில் எழுதுதல்

ஐந்து வேளைத் தொழுகை என்றதும், வேலை நாளில் ஐந்து தடவை கடை நின்றுவிடும் என்று சில முதலாளிமார் பயப்படுகிறார்கள். அதிகாலைச் சுபஹ் தொழுகை கடை திறக்க முன்னரே முடிந்துவிடும். இஷா பெரும்பாலும் கடை பூட்டிய பின் வரும். இடையில் நிற்பவை ளுஹர், அஸர், மஃரிப் என்ற மூன்றே. அவற்றிலும் நேரம் உண்மையில் நெருக்குவது மஃரிப் ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்தில் ளுஹர் நேரம் ஆண்டு முழுவதும் பகல் 11.55க்கும் 12.25க்கும் இடையில் தொடங்கி அஸர் வரை நீடிக்கிறது. ஆகவே சாப்பாட்டு இடைவேளையை 12.30க்கு வைக்கும் கடையில் ளுஹர் தொழுகைக்குத் தனியாக ஒரு நிமிடமும் தேவைப்படாது. அஸர், நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹப் என்ற மார்க்கச் சட்டப் பிரிவின் கணக்குப்படி, ஏறத்தாழ 3.10க்கும் 3.45க்கும் இடையில் தொடங்குகிறது. பின்னேரத் தேத்தண்ணியை எல்லோருக்கும் 3.45க்கு வைத்துப் பாருங்கள். தமிழ் ஊழியர் தேத்தண்ணி குடிக்கும் அதே 15 நிமிடத்தில் முஸ்லிம் ஊழியர் வுளு செய்து (தொழுகைக்கு முன் உடல் உறுப்புகளைச் சுத்தம் செய்து), தொழுது, தேத்தண்ணியும் குடித்துவிடலாம். யாரும் யாருக்காகவும் மூட்டை தூக்க வேண்டியதில்லை. நிமிடக் கணக்கும் எழுத வேண்டியதில்லை. அந்தச் சீமெந்துப் பின்னேரத்துக்குப் பிறகு எங்கள் கடையில் நாங்கள் செய்த முதல் மாற்றம் இதுதான். இரண்டாவது மாற்றம், 2.30க்குப் பின் வரும் லொறியை 4 மணிக்கு முன் திறப்பதில்லை என்பது. சாரதிக்கும் அந்த ஓய்வு தேவைப்படுகிறது.

மஃரிப் வேறு விதம். சூரியன் மறைந்ததும் தொடங்கி, செவ்வானம் மறைவதோடு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக நீடித்து முடிந்துவிடும். யாழ்ப்பாணத்தில் சூரியன் மறையும் நேரம் கார்த்திகையில் 5.50 அளவிலும் ஆடியில் 6.40ஐ நெருங்கியும் இருக்கும். அதாவது வேலை முடித்து வீடு போகிறவர்கள் சாமான் வாங்க வரும் நேரம். இங்கே மாறி மாறிப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டு முஸ்லிம் ஊழியர் இருந்தால் ஒருவர் முதலாவதாகவும் மற்றவர் கால் மணி கழித்தும் போகலாம். நேரம் இருவருக்கும் போதும்.

மாறி மாறிப் போகச் சொல்வது மார்க்கத்தைக் குறைத்து மதிப்பதாக ஊழியர் எண்ணினால், அதன் காரணத்தையும் மேற்பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும். தனியாகத் தொழுவதைவிடக் கூட்டாகத் தொழுவதற்கு 27 மடங்கு நன்மை உண்டு என்பது முஸ்லிம் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு வளரும் நபிமொழி. அவர்கள் ஒன்றாகப் போவது வேலைக்கு ஒளிப்பதற்காக அல்ல. 2015 டிசம்பரில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் மோர்கன் நகரத்து இறைச்சி ஆலையில் பிரச்சினை தொடங்கியதும் இந்த இடத்தில்தான். அங்கே பல ஆண்டுகளாகத் தொழுகை அறை இருந்தது. ஒரு சிறு குழுவினர் ஒன்றாகத் தொழப் போகக் கேட்டபோது, மேற்பார்வையாளர் பிரிந்து பிரிந்து போகச் சொன்னார். இனித் தொழுகைக்கு அனுமதியே இல்லை என்ற பேச்சு ஆலை முழுவதும் பரவியது. விதி மாறவில்லை என்று நிறுவனம் சொன்னது. மாறிவிட்டது என்று ஊழியர் சொன்னார்கள். மூன்று நாள் வேலைக்கு வராதவர்கள் என்று ஏறத்தாழ 150 பேர் நீக்கப்பட்டார்கள். 2018இல் அந்த நிறுவனம் 138 ஊழியருக்கு 15 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கிய பின்பே அந்த விவகாரம் முடிவுக்கு வந்தது. ஒரு மேற்பார்வையாளர் வாயால் சொன்னதை இன்னொருவர் வேறு விதமாக விளங்கிக்கொள்ள இடமில்லாதபடி, யார் எப்போது போவது என்பதைச் சுவரில் ஒட்டிய தாள் சொல்ல வேண்டும்.

கட்டட வேலைத் தளத்தில், கொங்கிறீற் போட்டுக்கொண்டிருக்கும்போது இடையில் நிறுத்த முடியாத நிலை வரும். கலவை தொடங்கும் நேரத்தை முதல் நாளே ஊழியருக்குச் சொல்லிவிட்டால், தொழுகை நேரத்தின் முதற்பகுதியிலோ கடைசிப் பகுதியிலோ தொழ அவர்களே வழி பார்ப்பார்கள். இரண்டு தொழுகையைச் சேர்த்துத் தொழலாமா, பிரயாணிக்குரிய சலுகை பொருந்துமா என்ற கேள்விகளுக்கு ஊரிலுள்ள ஆலிம், அதாவது மார்க்க அறிஞர், பதில் சொல்லட்டும். அந்தப் பதிலை முதலாளியோ மேற்பார்வையாளரோ சொன்னால், அது சரியாகவே இருந்தாலும் ஏற்கப்படாது.

இடமும் தண்ணீரும்

தொழுவதற்கு ஓர் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் போதும். அது சுத்தமாகவும், குறுக்கே ஆள் நடக்காததாகவும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து கிப்லா, அதாவது தொழும்போது முகம் நோக்கும் மக்காவின் திசை, மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கிறது. ஒரு தடவை கைத்தொலைபேசியில் பார்த்து நிலத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு கீறிவிட்டால், புதிதாக வருகிறவரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. எங்கள் களஞ்சியத்தில் தகரக் கட்டுகளுக்கும் சுவருக்கும் இடையில் அப்படி ஒரு மூலை இருக்கிறது. சுருட்டிய பாய் இரும்புத் தட்டின் மேல் கிடக்கும். சைவ முதலாளியின் கடையில் மேசைக்கு மேலே சாமிப் படம் இருக்கும். அதைக் கழற்றச் சொல்லும் உரிமை தொழுகிறவருக்கு இல்லை. அதற்கு முன்னால் தொழச் சொல்லும் உரிமை முதலாளிக்கும் இல்லை. படம் இல்லாத வேறொரு சுவரைப் பார்த்துக்கொண்டால் பேச்சே எழாது.

சண்டைகள் அதிகம் பிறக்கும் இடம் குழாயடி. வுளு செய்யும்போது முகமும் கைகளும் கழுவி, தலையை ஈரக் கையால் தடவுவதோடு, கால்களும் கணுக்கால் வரை கழுவப்பட வேண்டும். மற்றவர் முகம் கழுவி வாய் கொப்பளிக்கும் பேசினில் ஒருவர் கால் தூக்கி வைப்பதைப் பார்த்தால் யாருக்கும் அருவருப்பு வருவது இயல்பே. அதை மதத்துவேஷம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தீர்வு மிக மலிவானது. முற்றத்தில், முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். அதன் கீழே தண்ணீர் ஓட ஒரு சிறு வாய்க்கால். பக்கத்தில் ஒரு சோடி ரப்பர்ச் செருப்பு. ஈரக் காலோடு ஓட்டு நிலத்தில் நடந்து வழுக்கி விழும் ஆபத்தும் இதனால் நீங்கும். குழாய்ச் சாமானோடு கூலியும் சேர்த்து ஒரு நாள் வேலை. அந்தக் குழாயில் தமிழ் ஊழியரும் மூட்டை தூக்கிய பின் கால் கழுவுவார்கள்.

வெள்ளிக்கிழமை

வெள்ளி மத்தியானத்து ஜும்ஆத் தொழுகை, ஊரில் தங்கியுள்ள பருவமடைந்த ஆண்களுக்குக் கட்டாயமானது. பள்ளிவாசலில் குத்பா என்ற பிரசங்கத்தோடு நிறைவேற்றப்படுவது. கடையின் மூலையில் தனியாகத் தொழுது ஈடுசெய்ய முடியாதது. கஸ்தூரியார் வீதியிலோ ஸ்ரான்லி வீதியிலோ வேலை செய்கிறவர் ஐந்து சந்திப் பக்கத்துப் பள்ளிவாசல்களுக்குச் சைக்கிளில் போய்வர முடியும். போகவர எல்லாம் சேர்த்து ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். வலிகாமத்தின் உட்பகுதியில் கட்டட வேலை செய்கிறவருக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம். அந்த இடங்களில் வெள்ளிக்கிழமை வேலையைக் காலையில் ஒரு மணி நேரம் முன்னே தொடங்குவது நல்லது.

வெள்ளி மத்தியானம் கடையைப் பார்த்துக்கொள்கிற தமிழ் ஊழியருக்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். சைவருக்கும் வெள்ளி விசேஷமான நாள். பின்னேரப் பூசைக்குப் போக விரும்புகிறவரை 5 மணிக்கு விட்டுவிடலாம். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள் நடக்கும். தேர், தீர்த்தம் ஆகிய இரண்டு நாளும் முஸ்லிம் ஊழியர் கடையை முழுமையாக ஏற்கலாம். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கிறவருக்குப் பாரம் தூக்கும் வேலையைக் குறைக்கலாம். பெரிய வெள்ளிக்குத் தேவாலயம் போகும் கிறிஸ்தவருக்கும் இதே முறை. இப்படி எல்லோருடைய நாள்களும் ஒரே அட்டவணையில் வரும்போது, அது முஸ்லிம்களுக்கான சலுகைப் பட்டியலாக யாருக்கும் தெரியாது.

நோன்பு மாதம்

நோன்பு நோற்பவர் அதிகாலை 4 மணி அளவில் எழும்பி ஸஹர் உணவு உண்டு, மாலை வரை தண்ணீரும் குடிக்காமல் இருப்பார்; இரவில் தராவீஹ் தொழுகை. பசியைவிட உறக்கக் குறைவே வேலையைப் பாதிக்கிறது என்பது என் அனுபவம். காலை 8 முதல் 12 வரை அவர் வழமைபோல வேலை செய்வார், 2.30க்குப் பின் கவனம் தளரும். ஆகவே பாரம் ஏற்றி இறக்குதல், கூரையில் ஏறுதல், கம்பி வெட்டும் இயந்திரம் ஆகிய வேலைகளைக் காலைக்கும், கணக்கெடுத்தல், அடுக்குதல், மேசை வேலை ஆகியவற்றைப் பிற்பகலுக்கும் மாற்ற வேண்டும். காலையில் பாரம் முழுவதையும் முஸ்லிம் ஊழியர் எடுத்துக்கொண்டால் பிற்பகலில் மற்றவர் மேலதிகமாகச் செய்வதும் நியாயமாகவே தெரியும்.

சாப்பாட்டு இடைவேளையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் முன்னே போகலாமா என்று நோன்பாளிகள் கேட்பார்கள். முழுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அரை மணி நேரம் ளுஹருக்கும் ஓய்வுக்கும் வைத்துக்கொண்டு, அரை மணி நேரம் முன்னே போகலாம். வெயில் எரிக்கும் பங்குனி மாதத்தில் தண்ணீர் குடிக்காத உடம்பு எட்டு மணி நேரம் இடைவிடாமல் நிற்கக் கூடாது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பை விட்டு, விட்டதைப் பின்னர் நோற்றுக் கழாச் செய்ய மார்க்கம் இடம் கொடுக்கிறது. தலை சுற்றுகிறவர் அதை மேற்பார்வையாளரிடம் சொல்ல வெட்கப்படக் கூடாது. சொன்னவரைப் பார்த்து, "நோன்பு பிடிக்கத் தெரியாதவன்" என்று கூட்டாளிகளும் நையாண்டி செய்யக் கூடாது.

நோன்பு திறக்கும் நேரம் இங்கே நமக்கு ஒரு வசதி. நெப்ராஸ்காவில் 2008 செப்டெம்பர் முதலாம் திகதி இரவு 8 மணியைத் தாண்டி மறைந்த சூரியன், மாத முடிவில் 7.15 அளவில் மறைந்தது; ஒரே மாதத்தில் ஏறத்தாழ 50 நிமிட வித்தியாசம். நிலையான இடைவேளை எதுவும் அங்கே பொருந்தாமல் போனதற்கு அது பெரிய காரணம். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், மாசி பங்குனியில் வரும் நோன்பு மாதம் முழுவதும் சூரியன் மாலை 6.20ஐ ஒட்டியே மறைகிறது. கடை பூட்டாமல் இருந்தால் 6.15 முதல் 6.40 வரை நோன்பாளிகளை விட்டுவிடுங்கள். பேரீச்சம்பழமும் ஒரு கோப்பை கஞ்சியும் மஃரிப் தொழுகையும் அதற்குள் முடியும். கஞ்சியில் ஒரு கோப்பையை அந்த நேரம் மேசையில் நிற்கும் தமிழ்த் தம்பிக்கும் எடுத்து வைக்க நான் சொல்வதுண்டு. இறைச்சி போடாத கஞ்சி என்றால் சைவச் சாப்பாட்டுக்காரரும் குடிப்பார்கள். ஆகவே எங்கள் கடைக்கு வரும் கஞ்சியில் இறைச்சி சேர்ப்பதில்லை.

பெருநாளும் விடுமுறையும்

நம் நாட்டில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அரச அலுவலகமும் வங்கியும் பூட்டும் எல்லா நாளும் வர்த்தக நிறுவனங்களுக்கு விடுமுறை அல்ல. தைப்பொங்கல், மீலாதுன் நபி, மே தினம், நத்தார் போன்ற சில நாள்கள் வர்த்தக விடுமுறைகள். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அந்தப் பட்டியலில் இல்லை, தீபாவளியும் இல்லை, மகா சிவராத்திரியும் இல்லை. ஆகவே தனியார் கடையில் வேலை செய்யும் முஸ்லிமும் சைவரும் இந்த விஷயத்தில் ஒரே நிலையில் நிற்கிறார்கள். இருவரும் சேர்ந்தே முதலாளியிடம் போய், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் அவரவர் விரும்பிய நாளில் சம்பளத்தோடு லீவு கேட்கலாம். சேர்ந்து கேட்ட இடங்களில் அது எளிதாகவே கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒருவரின் விடுமுறையை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது மட்டும் வேண்டாம். 2008இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஷெல்பிவில் ஊரிலுள்ள கோழி ஆலையில், தொழிலாளர் தின விடுமுறைக்குப் பதிலாகப் பெருநாள் விடுமுறை என்று ஒப்பந்தம் செய்தார்கள். நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்து, தொழிலாளர் தினத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஏச்செல்லாம் விழுந்தது, அங்கே கோழி வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த சோமாலியர் மீதுதான்.

நோன்புப் பெருநாள் எந்த நாள் என்பது முதல் நாள் இரவுதான் உறுதியாகும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து பிறை அறிவித்தல் வர வேண்டும். ஆகவே லீவுக் கடிதத்தில் இரண்டு திகதியையும் எழுதி, "இவற்றில் பிறை அறிவிக்கப்படும் நாள்" என்று குறிப்பிடுங்கள். புத்தளம் போகிறவருக்குப் பிரயாணத்தோடு மூன்று நாளாவது தேவை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி கிடைக்கும் 14 நாள் வருடாந்த லீவிலும் 7 நாள் தற்செயல் லீவிலும் இதற்காக முன்னரே நாள் ஒதுக்கி வையுங்கள்.

பெண் ஊழியர்

புடைவைக் கடைகளிலும் தையல் நிலையங்களிலும் முஸ்லிம் பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஜும்ஆ கட்டாயம் இல்லை. மற்றத் தொழுகைகளுக்கு ஆண்கள் வராத ஒரு மறைவிடம் வேண்டும். உடை மாற்றும் அறையையே அதற்குப் பயன்படுத்தலாம். மாதவிடாய் நாள்களில் அவர்களுக்குத் தொழுகையும் நோன்பும் இல்லை. "நேற்றுத் தொழுதாய், இன்றைக்கு ஏன் போகவில்லை?" என்றோ, "நோன்பில்லையா?" என்றோ மேற்பார்வையாளர் ஒருபோதும் கேட்கக் கூடாது. கேட்கிறவர் விளையாட்டாகக் கேட்கலாம். கேட்கப்படும் பிள்ளை எல்லோருக்கும் முன்னால் தலை குனிந்து நிற்கும். தலையை மூடும் துணி தையல் இயந்திரத்தில் சிக்காதபடி உள்ளே சொருகிக் குத்திக்கொள்ள வேண்டும் என்ற பாதுகாப்பு விதியை, நீண்ட கூந்தல் உள்ள மற்றப் பெண்களுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

எழுத்தில் வைத்தலும் முறையிடலும்

வேலைக்குச் சேரும் நாளில் பேச வேண்டியவற்றை அன்றே பேசிவிட வேண்டும். தொழுகைக்கு எந்த நேரம் தேவை, மதுபானம் பரிமாறும் வேலையோ பன்றி இறைச்சி தொடும் வேலையோ வருமா, கடையில் தரும் இறைச்சிச் சாப்பாடு ஹலாலா என்பவற்றை ஊழியர் கேட்கட்டும்; முடியும், முடியாது என்பதை முதலாளி மறைக்காமல் சொல்லட்டும். முடியாது என்று முதலில் சொன்ன முதலாளியை நான் மதிக்கிறேன். சேர்த்துக்கொண்டு ஒரு மாதம் கழித்து முகம் சுளிப்பதுதான் இருவரையும் வருத்துகிறது. இணங்கியவற்றை நியமனக் கடிதத்தின் பின்னால் நாலு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதன் ஒரு பிரதி மற்ற ஊழியரும் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும்.

சட்டம் எதுவரை உதவும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் மத நம்பிக்கையையும் வழிபாட்டையும் காக்கின்றன. ஆனால் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிரானது. மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். தனியார் கடை முதலாளி தொழுகைக்கு இடைவேளை தந்தே ஆக வேண்டும் என்று கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வாசகம் இல்லை. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைகள் சட்டம் அப்படி ஒரு கடமையை முதலாளி மீது வைக்கிறது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை மேலும் வலுவாக்கியது. அந்த வழக்கைக் கொண்டுவந்தவர் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்ய மறுத்த ஒரு கிறிஸ்தவத் தபால் ஊழியர். நமக்கு இங்கே அந்த வாசகம் இல்லாதபடியால், எழுதி வைத்த நாலு வரியின் பெறுமதி இன்னும் கூடுகிறது. நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணி என்ற வேலை நேர வரம்பு எப்படியும் இருக்கிறது. தொழப் போன நிமிடத்தைக் காட்டிச் சம்பளத்தை வெட்டினாலோ, அந்த வரம்பைத் தாண்டி வேலை வாங்கினாலோ தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எழுத்தில் முறையிடலாம்.

கோபத்தில் வேலையை விட்டு வெளியே நடக்காதீர்கள். ஃபோர்ட் மோர்கனில் நடந்ததைப் போல, மூன்று நாள் வராமல் இருந்தால் உங்கள் முறைப்பாடு மறைந்து, "தானாகவே வேலையை விட்டுப் போனவர்" என்ற சொல் உங்கள் கோவையில் ஏறிவிடும். வேலைக்கு வந்துகொண்டே முறைப்பாட்டை எழுதுங்கள். திகதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் உங்களோடு வேலை செய்யும் தமிழ் ஊழியர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போங்கள். அப்படியும் வேலையிலிருந்து நீக்கப்பட்டால், ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அட்டவணையை ஆண்டுதோறும் புதிதாக எழுத வேண்டும். நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் 10 அல்லது 11 நாள் முன்னே வருகிறது. 2030ஆம் ஆண்டு தைப்பொங்கல் நோன்பு மாதத்துக்குள் விழும். அதே ஆண்டு டிசம்பர் முடிவில் இன்னொரு நோன்பு மாதம் தொடங்கும். அந்தத் தையில் சூரியன் 6 மணியைச் சற்றுத் தாண்டியதும் மறைந்துவிடும். நகரத்துக் கடைகளில் பொங்கல் வியாபாரம் உச்சத்தில் இருக்கும். பொங்கலன்று தமிழ் ஊழியர் எல்லோரும் வீட்டில் நிற்க வேண்டும். நோன்பாளிகள் பொங்கல் நாளில் கடையின் அவசர வேலையைப் பார்ப்பதும், பொங்கலுக்கு முந்திய நோன்பு நாள்களில் நோன்பு திறக்கும் அந்த 25 நிமிடம் தமிழ் ஊழியர் மேசையில் நிற்பதும் என்று, 2029 மார்கழிக்கு முன்னரே இரு பகுதியினரையும் ஒரே மேசையில் இருத்தி எழுதிவிட எண்ணியிருக்கிறேன்.